மூலிகை எண்ணெய் ரத்தக் குழாயை என்ன செய்கிறது? தைலப் பாட்டிலில் இருந்து தமனி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் ஒரு தைலக் கடைக்குள் தலையை நீட்டினால் போதும், கேட்காமலே புறங்கையில் ஒரு சொட்டு தடவிவிடுவார்கள். முதலில் ஜில்லென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் காந்தும், தோல் லேசாகச் சிவக்கும். "பாத்தீங்களா சார், ரத்த ஓட்டம் எப்படி ஏறுதுன்னு" என்பார் கடைக்காரர். அவர் சொல்வதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த வழிகாட்டி.

"ரத்த ஓட்டத்தைச் சீராக்கும்" என்ற வரி இல்லாத மூலிகை எண்ணெய் பாட்டில் அரிது. மூட்டு வலிக்கும் அதே வரி, முடி கொட்டினாலும் அதே வரி, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டாலும் அதே வரி. எந்த ரத்தக் குழாய், எந்தப் பொருளால், எந்த அளவில், எவ்வளவு நேரத்துக்கு என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. அந்த நாலு கேள்விகளையும் நாமே கேட்டு விடை காண வேண்டியிருக்கிறது. அதற்கு மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை, லேபிளைப் படிக்கும் பொறுமை போதும்.

படி 1: பாட்டிலில் இருப்பது எந்த ஜாதி எண்ணெய்?

"மூலிகை எண்ணெய்" என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பது மூன்று வேறு சரக்கு.

முதலாவது, காய்ச்சிய தைலம். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் அல்லது விளக்கெண்ணெயில் மூலிகைச் சாறோ கஷாயமோ ஊற்றி, அரைத்த விழுதைக் கலந்து, நீர் வற்றும் வரை காய்ச்சி, பதம் பார்த்து இறக்குவது. மெழுகு பதம், மணல் பதம் என்று சித்த மருத்துவர்கள் சொல்வது இந்த இறக்கும் கணக்கைத்தான். பிண்ட தைலம், சகசராதி தைலம் எல்லாம் இந்த வகை. மணிக்கணக்கில் அடுப்பில் கொதிப்பதால் எளிதில் ஆவியாகும் வாசனைப் பொருட்கள் பெரும்பாலும் பறந்துவிடும், எண்ணெயில் கரையக்கூடியவையே மிஞ்சும். கற்பூரம் சேர வேண்டிய தைலத்தில் அதை அடுப்பில் இருக்கும்போது போடாமல், இறக்கி வடிகட்டிய பிறகு சேர்ப்பதன் காரணம் இதுதான். வேதியியல் தெரியாத காலத்திலேயே கைப்பக்குவத்தில் வந்த அறிவு.

இரண்டாவது, வடித்தெடுத்த வாசனை எண்ணெய். இலையையோ மொட்டையோ நீராவியில் வாட்டி, வரும் ஆவியைக் குளிர்வித்துப் பிரிப்பது. நீலகிரித் தைலம் என்கிற யூகலிப்டஸ் எண்ணெய், விண்டர்கிரீன், கிராம்பு எண்ணெய், ஓம எண்ணெய், புதினா எண்ணெய் எல்லாம் இதில் அடக்கம். இவை சமையல் எண்ணெயைப் போலக் கொழுப்பு அல்ல. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் சுத்தமான சரக்கு கறை விடாமல் காய்ந்துவிடும். எண்ணெய்க் கறை நின்றால் உள்ளே வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, கலவை. மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ், மெத்தில் சாலிசிலேட் ஆகிய நாலையும் வெவ்வேறு விகிதத்தில் சேர்த்து மெழுகிலோ மினரல் ஆயிலிலோ கரைத்தது. நம் வீடுகளில் இருக்கும் வலி பாம்கள், வெளிநாட்டில் இருந்து வருபவர்கள் கொண்டுவரும் கோடாலித் தைலம் எல்லாம் ஏறக்குறைய இந்தக் குடும்பம்.

ஏன் இவ்வளவு பிரிக்க வேண்டும் என்றால், முதல் வகையில் வேலை செய்வது பெரும்பாலும் தேய்க்கும் கையும் அடி எண்ணெயும். இரண்டாவது, மூன்றாவது வகையில்தான் ரத்தக் குழாயோடு நேரடியாகப் பேசக்கூடிய மூலக்கூறுகள் செறிவாக இருக்கின்றன. நன்மை, ஆபத்து இரண்டுமே அங்கேதான் அதிகம்.

படி 2: ரத்தக் குழாய் எப்படி விரிகிறது, எப்படிச் சுருங்குகிறது?

தமனியின் சுவரில் நாம் கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. ரத்தம் தொடும் உட்பக்கத்தில் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய உள்படலம். அதைச் சுற்றி மென்தசை. வெளிப்பக்கத்தில் நரம்பு முனைகள். தசை இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். தசை இறுகுவதற்குக் கால்சியம் உள்ளே போக வேண்டும்.

உள்படலத்துக்கு ஏதோ பெரிய வேலை இருக்கிறது என்று 1980 வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. முயலின் தமனியைத் துண்டு போட்டு அதன்மேல் அசிட்டைல்கோலின் என்ற நரம்புப் பொருளை ஊற்றினால், விரிய வேண்டிய குழாய் சுருங்கிக்கொண்டிருந்தது. துண்டு போடும்போது உட்பக்கம் உரசி அந்தப் படலம் அழிந்துவிடுகிறது, அதனால்தான் இந்தக் கோளாறு என்று கண்டுபிடித்தவர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ராபர்ட் ஃபர்ச்காட். படலத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் குழாய் அழகாகத் தளர்ந்தது. படலம் ஏதோ ஒரு சமிக்ஞையைத் தசைக்கு அனுப்புகிறது என்றார் அவர். அந்தச் சமிக்ஞை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது பின்னால் உறுதியானது. 1998ல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, ஒரு மூலிகை எண்ணெய் குழாயை விரிக்கிறது என்றால் மூன்றில் ஒரு கதவைத் தட்டியிருக்க வேண்டும்: உள்படலத்தை நைட்ரிக் ஆக்சைடு விடவைப்பது, தசைக்குள் கால்சியம் போகும் வாயிலை அடைப்பது, அல்லது நரம்பு முனையைத் தூண்டி அது வெளியிடும் பொருளால் குழாயைத் தளர்த்துவது.

படி 3: தோலில் தடவினால் நடப்பது என்ன?

கடைக்காரர் சொன்னதில் உண்மையான பாதி இங்கே இருக்கிறது.

தோலின் நரம்பு முனைகளில் வெப்பம், குளிர்ச்சி, எரிச்சலை உணரும் புரதங்கள் இருக்கின்றன. மெந்தால் போய் ஒட்டுவது டிஆர்பிஎம்8 என்ற குளிர் உணரும் புரதத்தில். டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியான் இருவரும் தனித்தனியாக 2002ல் இதைக் கண்டறிந்தார்கள். இதுவும் இதையொத்த கண்டுபிடிப்புகளும் சேர்ந்து 2021ல் அவர்களுக்கு நோபல் வாங்கித் தந்தன. மெந்தால் தடவினால் தோலின் வெப்பநிலை உண்மையில் அப்படியொன்றும் இறங்குவதில்லை, குளிர்கிறது என்ற செய்தி மட்டும் மூளைக்குப் போகிறது. கற்பூரமும் இப்படியே வெப்பத்தை உணரும் வேறு புரதங்களைத் தொடுகிறது.

தூண்டப்பட்ட நரம்பு முனை மூளைக்குச் செய்தி அனுப்புவதோடு நிற்பதில்லை. பக்கத்துக் கிளைகள் வழியே திரும்பி வந்து அங்கேயே சில பொருட்களைக் கசியவிடும், அவை சுற்றியுள்ள சின்னஞ்சிறு குழாய்களைத் தளர்த்தும். தோலைக் கீறினால் கீறிய கோட்டைத் தாண்டி ஒரு வளையம் சிவப்பதை பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1927லேயே விவரித்திருக்கிறார். தைலம் தடவிய இடத்தைத் தாண்டியும் சிவப்பு பரவுவது அதே வேலைதான். மெத்தில் சாலிசிலேட் இதோடு தோலை நேரடியாகவும் எரிச்சலூட்டும்.

எனவே தோலில் ரத்த ஓட்டம் கூடுவது நிஜம். ஆனால் அது தோலின் ரத்த ஓட்டம். முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் தமனிக்கோ, கெண்டைக்கால் தசையின் உள்ளே ஓடும் பெரிய குழாய்க்கோ அதே நடக்கிறது என்று அர்த்தமில்லை. மெந்தால் விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. சோதனைகளில், ஏற்கெனவே இறுகியிருக்கும் குழாயை அது தளர்த்துகிறது, தளர்ந்திருக்கும் குழாயை லேசாக இறுக்கவும் செய்கிறது. ஒரே பொருள், குழாய் இருந்த நிலையைப் பொறுத்து இரண்டு விடை.

வலி குறைவது வேறு கணக்கு. எரிச்சலும் குளிர்ச்சியும் வலிச் செய்தியை அமுக்கிவிடுகின்றன. வலி குறைந்ததால் ரத்த ஓட்டம் சரியாயிற்று என்று முடிவுகட்டுவதுதான் நாம் எல்லோரும் வழுக்கி விழும் இடம்.

படி 4: ஆய்வுக்கூடச் செய்தியை வாசிப்பது எப்படி?

"கிராம்பு எண்ணெய் ரத்தக் குழாயை விரிக்கிறது, விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு" என்று வாட்ஸ்அப்பில் வருவது முழுப் பொய் அல்ல. அதன் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு சோதனை இருக்கும்.

எலியின் மார்புத் தமனியை எடுத்து, சுற்றிலும் ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சுத்தம் செய்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு வளையங்களாக வெட்டுவார்கள். வளையத்துக்குள் இரண்டு மெல்லிய கம்பிகளைக் கோர்த்து, ஒன்றைக் கீழே நிலையாகக் கட்டி, மற்றதை இழுவிசை அளக்கும் கருவியில் மாட்டுவார்கள். வளையம் தொங்குவது உடம்பின் உப்பு அளவுக்குத் தயாரித்த கரைசலில், 37 டிகிரியில். அடியில் இருந்து 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு குமிழிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, இடையிடையே கரைசலை மாற்றி, வளையம் நிதானத்துக்கு வந்ததும் குழாயை இறுக்கும் ஃபினைல்எஃப்ரின் என்ற மருந்தை விடுவார்கள். திரையில் கோடு சட்டென்று ஏறும், குழாய் இறுகுகிறது. அசிட்டைல்கோலின் விட்டால் கோடு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உள்படலம் வெட்டும்போதே போய்விட்டது, அந்த வளையத்தைத் தூர எறிய வேண்டியதுதான். தேறிய வளையத்தை நன்றாகக் கழுவி, மறுபடி இறுகவைத்து, மூலிகை எண்ணெயைச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே போய்க் கோடு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள்.

இத்தகைய ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது எண்ணெயைக் கரைத்த பொருளை. எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதால் ஏதாவது கரைப்பானில் கலந்துதான் விடுவார்கள். அந்தக் கரைப்பானை மட்டும் தனியாக விட்டுப் பார்த்தார்களா? பார்க்காவிட்டால் மேலே படிக்க வேண்டாம். அடுத்து, உள்படலத்தை வேண்டுமென்றே உரசி எடுத்த வளையத்திலும் சோதித்தார்களா என்பது. படலம் இல்லாமலும் குழாய் தளர்ந்தால் எண்ணெய் தசையையே பிடிக்கிறது. படலம் இருந்தால்தான் தளர்கிறது, நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுக்கும் எல்-நேம் என்ற மருந்தைக் கொடுத்ததும் அந்தத் தளர்ச்சி நின்றுபோகிறது என்றால் உள்படலம் வழி. பொட்டாசியத்தை அதிகமாக விட்டு இறுக்கிய குழாயையும் எண்ணெய் தளர்த்தினால் கால்சியம் வாயிலை அடைக்கிறது என்று ஊகிக்கலாம். ரத்த அழுத்தத்துக்கு டாக்டர்கள் எழுதும் அம்லோடிபின் அடைப்பதும் அதே வாயிலைத்தான்.

வாசனை எண்ணெய்களை இப்படித் தொடர்ந்து ஆராய்ந்த இடங்களில் முக்கியமானது பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரில் உள்ள சியரா மாநிலப் பல்கலைக்கழகம். கிராம்பின் யூஜெனால், ஓமத்தில் நிறைய இருக்கும் தைமால், அதன் உறவான கார்வக்ரால், யூகலிப்டஸின் சினியோல் ஆகியவை எலித் தமனி வளையத்தைத் தளர்த்துவது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. யூஜெனாலும் தைமாலும் பெரும்பாலும் தசையின் கால்சியத்தைக் கட்டுப்படுத்தியே அதைச் செய்கின்றன. எலியின் சிரையில் ஊசியாக ஏற்றினால் ரத்த அழுத்தமும் இறங்குகிறது.

சரி, அப்படியானால் ஓமத் தண்ணீர் குடித்தால் பிரஷர் இறங்குமா? அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 5: ஒரு கணக்குப் போடுங்கள்

வளையச் சோதனைகளில் தளர்ச்சி தெரிவது பொதுவாக ஒரு மில்லிலிட்டர் கரைசலுக்குப் பல பத்து முதல் சில நூறு மைக்ரோகிராம் எண்ணெய் இருக்கும்போது. நம் உடம்பில் அவ்வளவு சேருமா?

பத்துச் சொட்டு யூகலிப்டஸ் எண்ணெய் சுமார் அரை மில்லிலிட்டர். எடை ஏறக்குறைய 450 மில்லிகிராம். அதில் 70 சதவீதம் சினியோல் என்று வைத்தால் 315 மில்லிகிராம். தடவியதில் பெரும்பகுதி காற்றில் ஆவியாகிவிடும். பேச்சுக்குப் பத்தில் ஒரு பங்கு தோல் வழியே உள்ளே போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 31 மில்லிகிராம். வயது வந்தவரின் ரத்தம் சுமார் 5 லிட்டர். அத்தனையும் ஒரே நொடியில் ரத்தத்தில் கலந்து, கொழுப்புக்கோ கல்லீரலுக்கோ ஒரு துளியும் போகாமல் அப்படியே நின்றாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம்தான் தேறும். நிஜத்தில் அதைவிட எவ்வளவோ குறைவாக இருக்கும், ஏனென்றால் உறிஞ்சுவது மெதுவாக நடக்கும், கல்லீரலும் சும்மா இருக்காது.

வெளியே தடவிய எண்ணெய் உடம்பு முழுவதும் உள்ள தமனிகளை விரிக்கும் என்ற பேச்சை இந்த ஒரு கணக்கே தள்ளிவைத்துவிடும். தடவிய இடத்துத் தோலில் செறிவு அதிகம் என்பதால் அங்கே மட்டும் விளைவு தெரிகிறது. இதைக் கேட்டு, "அப்படியானால் குடித்துவிட்டால்?" என்று யாரும் கிளம்ப வேண்டாம். வடித்தெடுத்த எண்ணெய்களை உள்ளுக்குச் சாப்பிடுவது விஷம் வரை போகும். அதைக் கடைசிப் படியில் பார்ப்போம். ஓமத் தண்ணீரில் இருப்பதோ நீரில் கரைந்த மிகச் சிறு அளவு. வயிற்றுக்கு இதமாக இருக்கும், தமனிக்கு எட்டாது.

படி 6: பூண்டும் நல்லெண்ணெயும் தனிக் கணக்கு

சாப்பிடும் பொருட்களில் ரத்தக் குழாய்க்கு ஓரளவு சான்று உள்ளது பூண்டு. பூண்டின் கந்தகப் பொருட்களை நம் சிவப்பணுக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன, அந்த வாயு தமனித் தசையைத் தளர்த்துகிறது என்று 2007ல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். அழுகிய முட்டையின் நாற்றத்துக்குக் காரணமான அதே வாயு, மிகச் சிறிய அளவில் நம் குழாய்களுக்குள் ஒரு தூதுவன். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்த மருத்துவச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால் மேல் எண் சில புள்ளிகள் இறங்குகிறது. டாக்டர் எழுதிய பிரஷர் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அல்ல.

இங்கே சமையல் பக்குவம் விளைவையே மாற்றும். முழுப் பூண்டில் அல்லிசின் என்ற முக்கியமான கந்தகப் பொருள் இல்லை. நசுக்கும்போதுதான் ஒரு நொதி வேலை செய்து அதை உண்டாக்குகிறது. சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். உரித்த பல்லை முழுசாகக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் வாசம் வரும், அல்லிசின் வராது. நசுக்கி ஒரு பத்து நிமிடம் வைத்திருந்துவிட்டுப் பிறகு அடுப்பில் போடுங்கள். எண்ணெயில் ஊறும்போது அல்லிசின் மெல்ல அஜோயீன் போன்ற வேறு பொருட்களாக மாறும். அவை குழாயை விட ரத்தத் தட்டணுக்களைத்தான் அதிகம் பிடிக்கும், அதாவது ரத்தம் உறைவதைத் தாமதமாக்கும்.

பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வாரக்கணக்கில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பாட்யூலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். 1985ல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்ட பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். கொஞ்சமாகச் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்து, சில நாளில் தீர்த்துவிடுங்கள்.

நல்லெண்ணெய் பற்றி நம் ஊரிலேயே வேலை நடந்திருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களின் சமையல் எண்ணெயை 45 நாள் நல்லெண்ணெய்க்கு மாற்றினார்கள். ரத்த அழுத்தம் இறங்கியது, பழைய எண்ணெய்க்குத் திரும்பியதும் மறுபடி ஏறியது. சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாதது, ஆனாலும் நிறுத்தியதும் திரும்பியது என்ற தகவல் கவனிக்கத்தக்கது. எண்ணெய்க் குளியலில் தலையில் தேய்த்ததற்கு இந்த முடிவைச் சான்றாகக் காட்டாதீர்கள், அவர்கள் அதைச் சாப்பிட்டார்கள்.

படி 7: மூக்கடைப்பில் தைலம்

மூக்கடைப்பும் ரத்தக் குழாய் விவகாரம்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மூக்கின் உள்சுவரில் இருக்கும் சிரைகள் ரத்தம் நிரம்பி உப்புவதால்தான் பாதை அடைகிறது. சளி அதற்கு மேல் கொசுறு. மருந்துக்கடையில் தரும் மூக்குச் சொட்டு அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மெந்தால் அப்படிச் செய்வதில்லை. காற்றோட்டத்தைக் கருவி வைத்து அளந்தால் மெந்தாலுக்கு முன்னும் பின்னும் பெரிய மாற்றம் இல்லை. மூக்கினுள் இருக்கும் குளிர் உணர்வுப் புரதம் தூண்டப்பட்டு, காற்று தாராளமாகப் போவது போலத் தோன்றுகிறது. இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ராத்திரி தூக்கம் வர அந்தத் தோற்றமே போதும். ஆனால் ரத்தக் குழாயில் எதுவும் நடந்துவிடவில்லை.

படி 8: வெரிகோஸ் வெயினுக்குத் தைலம் தேய்க்கும் முன்

தைலங்கள் அதிகம் விற்பதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இங்கேதான். காலில் பச்சை நிறத்தில் புடைத்துச் சுருண்டு தெரிவது சிரை. அதன் உள்ளே மேல்நோக்கி மட்டும் திறக்கும் வால்வுகள் பழுதாகி, ரத்தம் கீழே தேங்கி, குழாய் ஏற்கெனவே அகன்றுபோய் இருக்கிறது. அகன்ற குழாயை இன்னும் விரிக்கும் எண்ணெய் எதற்கு? எந்தத் தைலமும் பழுதான வால்வைத் திரும்பக் கட்டாது.

தேய்ப்பதால் சுகம் கிடைப்பது உண்மை. பாதத்தில் இருந்து முழங்காலை நோக்கி மேலே தள்ளித் தேய்க்கும்போது தேங்கிய ரத்தமும் நீரும் இதயம் பக்கம் நகர்கிறது. இதற்கு மஞ்சிட்டியும் நன்னாரியும் போட்டுக் காய்ச்சிய பிண்ட தைலம் ஆனாலும் சரி, வெறும் நல்லெண்ணெய் ஆனாலும் சரி, கை போகும் திசைதான் முக்கியம். மெதுவாக, அழுத்தாமல், கீழிருந்து மேலே. முடிந்ததும் காலை இதயத்தை விட உயரமாகத் தலையணையில் வைத்துக் கால் மணி நேரம் படுங்கள். எண்ணெயைத் துடைத்துவிட்டு, டாக்டர் எழுதித் தந்த அழுத்தக் காலுறையைப் போடுங்கள். எண்ணெய்ப் பசையோடு போட்டால் காலுறையின் ரப்பர் சீக்கிரம் தளரும். காந்தும் பாம்களை இந்தக் கால்களில் தடவ வேண்டாம். அங்கே தோல் மெலிந்திருக்கும், சின்னப் புண் வந்தாலும் ஆற நாளாகும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் எண்ணெய் பாட்டிலையே தொடாதீர்கள். ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

படி 9: வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

முதலில் ஒவ்வாமைச் சோதனை. முழங்கையின் உட்பக்கம் ஒரு சொட்டை, அதுவும் நல்லெண்ணெயில் கலந்து, தடவி ஒரு நாள் விடுங்கள். அரிப்போ கொப்புளமோ வந்தால் அந்த எண்ணெய் உங்களுக்கு இல்லை.

பிறகு இரண்டு கைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முன்கையில் தைலம், மறு முன்கையில் அதன் அடி எண்ணெய் மட்டும். எது எந்தக் கை என்று உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் வேறு ஒருவர் தடவட்டும். ஒரே அழுத்தம், ஒரே நேரம். கொஞ்ச நேரம் கழித்துச் சிவப்பையும் சூட்டையும் ஒப்பிடுங்கள். கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பதே நல்லது. காய்ச்சிய தைலங்களில் பல வீடுகளிலும் இரண்டு கைகளுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும், ஏனென்றால் தேய்த்தாலே தோல் சூடாகும். பாம் வகையில் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும் என்பது இந்தச் சோதனையின் பலவீனம்.

ரத்த அழுத்தத்துக்கு என்று ஏதாவது எடுத்துக்கொண்டால் ஒரு வேளை அளந்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள். எடுப்பதற்கு முன் ஒரு வாரம், எடுக்கும்போது ஒரு வாரம். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார்ந்து, கை இதய மட்டத்தில், அரை மணி முன்வரை காபி இல்லாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதி வையுங்கள். வார சராசரியை ஒப்பிடுங்கள். மாத்திரையை இடையில் நிறுத்தினால் சோதனையும் கெடும், உடம்பும் கெடும்.

உள்படலம் எப்படி வேலை செய்கிறது என்பதை நேராக அளக்க முடியும், ஆனால் வீட்டில் அல்ல. முன்கையில் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, அவிழ்த்ததும் பாய்ந்து வரும் ரத்தத்துக்கு மேற்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். 1992ல் வந்த முறை. "ரத்தக் குழாயைப் புதுப்பிக்கும்" என்று எழுதியிருக்கும் எண்ணெய்க்கு மனிதர்களிடம் இந்தச் சோதனை நடந்திருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

படி 10: யார், எப்போது ஒதுங்க வேண்டும்?

விண்டர்கிரீன் எண்ணெயில் கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லிலிட்டர், ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்கு ஈடு. 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். குழந்தை ஒரு வாய் குடித்தாலே உயிருக்கு ஆபத்து. ஊட்டியில் இருந்து ஆசையாக வாங்கி வரும் அந்தச் சின்ன பாட்டிலைப் பூட்டி வையுங்கள். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுபவர்கள் இதைப் பெரிய பரப்பில் தினமும் தடவக் கூடாது. தோல் வழியே போன அளவே வார்ஃபரினோடு சேர்ந்து ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணை ஏற்றி ரத்தக் கசிவு உண்டாக்கியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட்டே தொட வேண்டும். கிராம்பு எண்ணெய்க்கும் பூண்டு மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை.

தடவிய இடத்தின்மேல் வெந்நீர்ப் பை, ஹீட்டிங் பேட், இறுக்கமான கட்டு எதுவும் வேண்டாம். சூடு தோலின் குழாய்களை விரித்து உறிஞ்சும் அளவைக் கூட்டும். மெந்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் கலந்த பூச்சுகளால் தீக்காயம் போன்ற புண்கள் வந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012ல் எச்சரித்தது.

கைக்குழந்தையின் நெஞ்சிலோ மூக்கருகிலோ கற்பூரத் தைலமோ மெந்தால் பாமோ வேண்டவே வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும், சின்னக் குழந்தைக்கு ஒரு கிராம் கூட உயிரைப் பறிக்கலாம். மெந்தால் பிஞ்சுக் குழந்தையின் மூச்சையே சில நொடி நிறுத்திவிடக் கூடியது. பாட்டி காலத்தில் எல்லாம் தடவினோமே என்று யாராவது சொன்னால் சண்டை போடாமல் பாட்டிலை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிடுங்கள்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் எண்ணெயைச் சுட வைத்துத் தேய்க்கக் கூடாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்பவர்களுக்குத் தமனி அடைப்பு இருக்கலாம். கணுக்காலிலும் கையிலும் பிரஷர் அளந்து ஒப்பிட்டாலே அது தெரிந்துவிடும், அரசு மருத்துவமனையின் ரத்தநாள அறுவைப் பிரிவில் கேளுங்கள்.

யாராவது தைலத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் ஊற்றாதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு 108க்கு அழையுங்கள், பாட்டிலைக் கையோடு கொண்டு போங்கள். எந்த எண்ணெய், எத்தனை சதவீதம் என்று டாக்டர் முதலில் கேட்பது அதன் லேபிளைத்தான்.